பல் செட் அக்காவின் பத்துச் சுற்று

பிறப்பு: 1977 மார்ச் 9. தொழில்: பல் செட் செய்தல், சான்றிதழில் ‘பல் ஆய்வகத் தொழில்நுட்பர்’ என்றிருக்கிறது. தொழிலில் சேர்ந்த நாள்: 1999 ஜூன் 14. திருமணம்: 2002 செப்டம்பர். கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்றுநர். ஒரே மகள், வெளியூரில் படிப்பு. நீராவி எஞ்சின் கிட் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள்: 2016 ஆகஸ்ட் 20, பெட்டிகள் எட்டு. எஞ்சினில் முதன்முதலாக நீராவி ஏறிய நாள்: 2021 நவம்பர் 7. சிறு நீராவி எஞ்சின் கழகத்தில் வழங்கும் பெயர்: பல் செட் அக்கா. எழுதிய தேர்வோட்டங்கள்: மூன்று.

இவற்றுள் மூன்றாவது தேர்வோட்டம் 2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இக்குறிப்பின் பெரும்பகுதி அந்த ஒரு நாளைப் பற்றியது. அதற்கு முன்னர் எஞ்சினைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

எஞ்சின் நான்கு சக்கரம் கொண்டது. நீளம் எழுபது சென்டிமீட்டர். தண்ணீரும் நிலக்கரியும் நீங்கலாக எடை முப்பத்தெட்டு கிலோ. உண்மையான நிலக்கரியை எரித்து, உண்மையான நீராவியில், பின்னால் கோத்த சிறு வண்டிகளில் ஆட்களை ஏற்றி இழுக்கும். நான்காவது மாடி வீட்டின் பின்னறையில், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, காலை ஐந்தரை முதல் ஏழே கால் வரை அவர் அதைச் செய்தார். பாய்லர் மட்டும் செய்து சோதிக்கப்பட்டு வந்தது. மற்றவை அனைத்தும் அரத்திலும் திருகிலும் பற்றவைப்பிலும் அவர் கையால் ஒன்றுசேர்ந்தவை.

கிட்டில் வந்த விசில் அவருக்குப் பிடிக்கவில்லை. “இது விசிலா, விக்கலா?” என்று கேட்டுவிட்டு, பல்லுக்கு மெழுகு செதுக்குவதைப் போலவே மெழுகில் ஒரு விசிலைச் செதுக்கி, ஆய்வகத்தில் பல் வார்க்கும் உலோகத்திலேயே வார்த்தெடுத்தார். எண் பலகையையும் அவ்வாறே செய்தார். கருநீல வண்ணத்தின் மேல் ஓடும் மஞ்சள் கோடுகளை, பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டும் மூன்று முடித் தூரிகையால் இழுத்தார். அக்கோடுகளின் அகலம் எங்கும் அரை மில்லிமீட்டர். கழகத்தில் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தம் எஞ்சினை வேறு வண்ணத்துக்கு மாற்றிக்கொண்டார்.

கழகம் என்பது நகரப் பூங்காவில், நீர்த்தொட்டியின் பின்புறம் அமைந்த 186 மீட்டர் வட்டப் பாதையும், அதையொட்டிய ஒரு பட்டறையும், நாற்பத்தொரு உறுப்பினர்களும் ஆகும். பட்டறையில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் எந்திரமும் உண்டு. அதன் சாவி முழு உறுப்பினர்களுக்கு மட்டுமே வழங்கப்படும். தம் கையால் செய்த எஞ்சினைக் கொண்டு, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, இடையில் நிற்காமலும் யாரும் தள்ளாமலும் பத்துச் சுற்று ஓட்டிக் காட்டியவரே முழு உறுப்பினர். தேர்வோட்டம் ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதக் கடைசி ஞாயிறு. ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால், அதுவரை பாதையில் ஓட்ட அனுமதிக்கும் விருந்தினர் அட்டை ரத்தாகும். மறுபடி விண்ணப்பிக்க ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு வேண்டியது அந்தச் சாவி. அடுத்த எஞ்சினை அவர் கிட் இல்லாமல், தகட்டிலிருந்தும் வார்ப்பிலிருந்தும் தாமே செய்ய எண்ணியிருந்தார். முப்பத்தொரு தாள்களில் வரைபடம் தயார். ஆறு சக்கரங்களுக்கான கரடுமுரடான வார்ப்புகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவற்றைக் கடைய லேத் வேண்டும். நான்காவது மாடியில் லேத் வைப்பதைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒருமுறை கேட்டபோது, அவர் கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதல் தேர்வோட்டம், 2022: தண்ணீர் பம்ப் அடைத்துக்கொண்டு நான்காம் சுற்றில் நின்றது. இரண்டாவது, 2023: பின்சக்கரத்தின் தாங்கி சூடேறி இறுகி ஏழாம் சுற்றில் நின்றது. தாங்கியைச் சரிசெய்வதற்காக 2024 பிப்ரவரியில் நான்கு சக்கரங்களையும் அச்சுகளோடு கழற்றினார். பிழை அங்கேதான் நுழைந்தது. அதை அவர் உட்பட யாரும் மே 26 காலை 11.02 வரை அறியவில்லை.

அன்று காலை பத்தரைக்கு நெருப்பு மூட்டப்பட்டது. தேர்வாளராக வந்தவர் மருத்துவமனை ஒன்றின் பாய்லர் அறையில் பணிபுரிபவர். யாருடன் பேசினாலும் கண் அழுத்தமானியின் ஊசியிலேயே இருப்பதால் கழகத்தில் அவருக்கு ‘ஊசி சார்’ என்று பெயர். பயணிகளாக ஏறவேண்டிய மூவருள் அவரும் ஒருவர். மற்ற இருவர் அக்காவின் கணவரும், கணவரின் அக்காவும். கணவரின் அக்காவைப் பல் செட் அக்கா அண்ணி என்றழைப்பார். அண்ணி கீழ்மாடியில் குடியிருப்பவர். எட்டு ஆண்டுகளாகத் தலைக்கு மேலே அரம் தேய்க்கும் ஓசையைக் கேட்டு வந்தவர்.

“இன்னிக்காவது இது பத்து சுத்து சுத்திடுமா, இவளே?” என்றார் அண்ணி. “போன வருஷம் ஏழாவது சுத்துல இறக்கிவிட்டே. நடந்து வந்தேன்.”

“நூறு அடிதான் அண்ணி நடந்தீங்க.”

“நூறு அடியா இருந்தா என்ன? டிக்கெட் எடுத்தவ நடக்கலாமா?”

“நீ எங்க டிக்கெட் எடுத்தே, அக்கா?” என்றார் கணவர்.

அழுத்தமானியின் ஊசி ஐந்து பார் அழுத்தத்தைத் தொட்டது. ஊசி சார் நெருப்புத் தொட்டியைப் பார்க்கக் குனிந்திருந்தார். அக்கா ஓடும் திசையைத் தீர்மானிக்கும் லீவரை முன்னுக்குத் தள்ளி, நீராவியை மெல்லத் திறந்தார். எஞ்சின் ஒருமுறை தும்மியது. பிறகு மிக அழகாக, சீராக, ஒரு நடுக்கமும் இன்றிப் பின்னோக்கிச் சென்றது. மூன்று மீட்டர் சென்றதும் அவர் நீராவியை அடைத்தார். லீவர் முன்னால்தான் இருந்தது. பின்னுக்கு இழுத்துத் திறந்தார். எஞ்சின் அதே அழகோடு முன்னோக்கி வந்தது.

கணவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “தினம் எட்டு பேருக்கு ரிவர்ஸ் சொல்லித் தர்றேன். ஒருத்தர்கூட இவ்வளவு நேரா பின்னாடி போனதில்ல.”

“சும்மா இருங்க. யோசிக்கணும்.”

அவர் யோசித்தது நான்கு நிமிடம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, பிப்ரவரி 11ஆம் தேதிப் பக்கத்தில் நின்றார். அங்கே நான்கு சக்கரங்களின் படம் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எண்.

நடந்தது இது. வாயைப் பல் மருத்துவர்கள் நான்காகப் பிரித்து எண்ணிடுவர். ஒன்றாம் பகுதி என்பது நோயாளியின் வலப்பக்கம். நோயாளி எதிரே அமர்ந்திருப்பதால், அந்த வலப்பக்கம் தாளில் இடதுபுறம் வரும். இருபத்தைந்து ஆண்டுகளாக இப்படத்தைப் பார்த்தே அவர் வேலை செய்கிறார். கை தானாகவே போகும். சக்கரங்களைக் கழற்றும்போது எஞ்சின் நிமிர்ந்து, முகத்தை அவர் பக்கம் திருப்பி நின்றது. நோயாளியைப் போலவே அதற்கும் எண்ணிட்டார். இதுவரை பிழையில்லை. மறுபடி மாட்டும்போது வசதிக்காக எஞ்சினைக் கவிழ்த்துப் படுக்கவைத்தார். கவிழ்த்ததும் அதன் வலப்பக்கம் அவருடைய வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் கையோ ஒன்றாம் எண்ணை வழக்கம்போல இடதுபுறமே வைத்தது. கவிழ்ந்து படுக்கும் நோயாளி அவர் தொழிலில் இல்லை.

இவ்வாறு இரண்டு அச்சுகளும் முனை மாறி அமர்ந்தன. முன் அச்சு மாறியதால் தீங்கில்லை. பின் அச்சில்தான், நீராவி எப்போது எப்பக்கம் நுழைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எசென்ட்ரிக் வட்டுகள் உள்ளன. அச்சு முனை மாறியதும் அவை எல்லாவற்றையும் நேர் எதிராகச் சொல்லத் தொடங்கின. ஆயினும் இணைப்புத் தண்டுகள் சிக்கலின்றிப் பொருந்தியதால் ஐயம் எழவில்லை. ஆய்வகக் கம்ப்ரஸரிலிருந்து காற்றைச் செலுத்திச் சோதித்தும் பார்த்தார். அப்போதும் எஞ்சின் கவிழ்ந்தே கிடந்தது. கவிழ்ந்த எஞ்சினில் சக்கரத்தின் மேல் விளிம்பு முன்னோக்கிச் சுழன்றால், நிமிர்த்தியதும் அது பின்னோக்கி ஓடும். அவர் மேல் விளிம்பைப் பார்த்துவிட்டு, ‘முன்னோக்கம் சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் இட்டிருந்தார்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். “இதுல என்ன இருக்கு? லீவரைப் பின்னாடி வெச்சு முன்னாடி ஓட்டிடு. அவர் கண்ணு ஊசியில இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?”

“மேல் பல் செட்டைக் கீழே மாட்டிட்டு, தலைகீழா நின்னு சாப்பிடுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“சாப்பிட முடியும்ல?”

“என்னங்க, பாதையில குழந்தை ஒண்ணு ஓடி வருதுன்னு வைங்க. பதற்றத்துல லீவரைப் பின்னாடி இழுப்பேன். இது முன்னாடி பாயும். உங்க காருல பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மாத்தி வெச்சா விடுவீங்களா?”

பயிற்றுநராக இருப்பவரிடம் அந்த உதாரணம் எப்போதும் வேலை செய்யும்.

அக்கா நேராக ஊசி சாரிடம் சென்று, நடந்ததைச் சொன்னார். நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார். அவர் அதை இருமுறை படித்துவிட்டு விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார்.

“முதல் சுத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்ச கோளாறை அன்னிக்கே சரி பண்ணிக்கலாம். ஒன்பதாவது விதி. ஆனா தேர்வு எழுதுறவங்க மட்டும்தான் கருவியைத் தொடணும். அஞ்சு மணிக்குப் பதிவேட்டை மூடிடுவேன். மூடினப்புறம் ஒரு சுத்துகூட சேராது.”

“அஞ்சு மணிக்கா?”

“அஞ்சு மணி ஒரு நிமிஷத்துக்கு நான் பஸ்ல இருப்பேன்மா.”

சொல்லாமல் ஓட்டியிருந்தால் பகல் பன்னிரண்டுக்குள் சாவி கிடைத்திருக்கும். இப்போது நெருப்பைக் கொட்ட வேண்டும். பாய்லர் ஆற வேண்டும். எஞ்சினைப் பிரித்து, அச்சைத் திருப்பி, மறுபடி கோத்து, நீராவி ஏற்ற வேண்டும். பிப்ரவரியில் இதே வேலைக்கு அவருக்கு ஒன்பது காலைகள் ஆயின.

பன்னிரண்டு இருபதுக்குத்தான் இரும்பில் கைவைக்க முடிந்தது. பட்டறைக்குள் செல்ல அவருக்கு உரிமையில்லாததால், வாசலில் ஒரு மர மேசையைப் போட்டு அதன்மேல் எஞ்சினைக் கவிழ்த்தார். அதற்கு முன் எஞ்சினின் முகப்பில் அடையாளத்துக்குத் துணிநாடாவை ஒட்டி, அதன் வலப்பக்கத்தில் சிவப்பிலும் இடப்பக்கத்தில் பச்சையிலும், பின் அச்சின் முனைகளில் அவை சேர வேண்டிய பக்கத்தின் நிறத்திலும் நெயில் பாலிஷால் புள்ளி வைத்தார். நெயில் பாலிஷ் அண்ணியின் கைப்பையில் இருந்தது.

“இது கருவியா சார்?” என்று அண்ணி பாட்டிலைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

ஊசி சார் சற்று யோசித்தார். “அலங்காரம்.”

கவிழ்ந்த எஞ்சினின் வயிற்றுக்குள் வெளிச்சம் போதவில்லை. அண்ணி டார்ச்சைப் பிடிக்கலாமா என்பது அடுத்த கேள்வியாயிற்று. டார்ச் கருவி என்றார் வேடிக்கை பார்த்தவர்களுள் ஒருவர். சூரியன் கருவியா என்று திருப்பிக் கேட்டார் அண்ணி. பத்து நிமிட விவாதத்துக்குப் பின், வெளிச்சம் கருவியாகாது என்றும், டார்ச்சால் எதையும் நெம்பக்கூடாது என்றும் தீர்ப்பாயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் அக்கா இணைப்புத் தண்டுகள் இரண்டையும் கழற்றி முடித்திருந்தார்.

கணவருக்கு எதையும் தொட அனுமதியில்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரைப் போலக் கால்களால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார்.

“அந்த நட்டு… அந்த நட்டு… இடது பக்கம் திருப்பு.”

“எந்த இடது?”

“என்னோட… இல்ல, உன்னோட… இரு, எஞ்சினோட…”

“நீங்க போய் டீ வாங்கிட்டு வாங்க.”

டீ வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. எசென்ட்ரிக் வட்டுகளைச் சுற்றிய பட்டைகளின் எட்டுத் திருகுகளையும் பல் சோதிக்கும் சிறு கண்ணாடியைக் கொண்டு பார்த்தே அவர் கழற்றினார். ஒரு திருகு புல்லில் விழுந்தது. மூன்று பேர் மண்டியிட்டுத் தேட, அது அண்ணியின் செருப்பில் ஒட்டியிருந்தது தெரிந்தது. பின் அச்சு 2.15க்கு வெளியே வந்தது. அதைக் கையில் ஏந்தி, முனை மாற்றி, சிவப்புக்கு நேராகச் சிவப்பை வைத்துவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து மேசையைச் சுற்றி நடந்து, நான்கு பக்கமும் நின்று பார்த்தார். பிறகே முதல் திருகை மாட்டினார். முன் அச்சை அவர் தொடவில்லை; அது இன்றும் முனை மாறியே ஓடுகிறது.

3.48க்கு எஞ்சின் நிமிர்ந்தது. 3.53க்கு நெருப்பு. இம்முறை ஊசியைப் பார்ப்பதற்கு ஊசி சாருடன் பதினாறு பேர் கூடியிருந்தனர். 4.28க்கு ஐந்து பார். அக்கா லீவரை முன்னுக்குத் தள்ளினார். நீராவியைத் திறப்பதற்கு முன்பு ஒரு கணம் கையை எடுத்து, சேலை மடிப்பில் துடைத்துக்கொண்டார். திறந்ததும் எஞ்சின் முன்னோக்கி நகர்ந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினர். கணவர் மட்டும், “சிக்னல் போடாம கிளம்பிட்டா,” என்றார்.

முதல் வண்டியில் அக்கா. அவர் பின்னே ஊசி சார், அண்ணி, கணவர். ஐந்து சுற்றுகள் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தன. ஏழாம் சுற்றில், சென்ற ஆண்டு நின்ற அதே வளைவைக் கடக்கும்போது நால்வரும் எஞ்சினின் ஓசையையே கவனித்தனர். எஞ்சின் நிற்கவில்லை. எட்டாம் சுற்றில் ஊசி இறங்கத் தொடங்கியது: நான்கு, மூன்றரை, மூன்று. அவசரத்தில் மூட்டிய நெருப்பு. கீழ்த்தட்டில் கரி இன்னும் முழுதாகப் பற்றவில்லை. அதோடு சக்கரத்தோடு இயங்கும் பம்ப், குளிர்ந்த தண்ணீரை விடாமல் பாய்லருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டத்தின்போது தேர்வாளர் பேசக்கூடாது. ஊசி சார் பேசவில்லை. தம் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“நான் வேணா இறங்கிக்கட்டுமா இவளே?” என்றார் அண்ணி.

“இறங்கினா தோத்துடுவேன் அண்ணி.”

“மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை குறையுமா?”

“குறையாது. ஆனா பேச்சு குறையும்,” என்றார் பின்னாலிருந்த கணவர்.

ஊசி இரண்டே முக்காலில் நின்றது. அக்கா பம்பின் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிட்டார். இனிப் பாய்லருக்குள் புதுத் தண்ணீர் செல்லாது; அழுத்தம் ஏறும்; ஆனால் உள்ளே இருக்கும் நீர் மட்டம் ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கும். மட்டம் கண்ணாடிக் குழாயின் அடியைத் தொட்டால் ஓட்டத்தை அவரே நிறுத்தியாக வேண்டும். குழாயில் அப்போது பாதித் தண்ணீர் இருந்தது. கரியை மூன்று சிறு கரண்டி, ஓரங்களில் மட்டும், பல்லின் இடுக்கில் மெழுகு நிரப்பும் நிதானத்தோடு இட்டார். ஒன்பதாம் சுற்றில் ஊசி மூன்றுக்கு வந்தது. தண்ணீர் கால் குழாய். பத்தாம் சுற்றின் பாதியில் ஊசி மூன்றரை. தண்ணீர் ஒரு விரல் அகலம். அவர் முன்னே பாதையைப் பார்க்கவில்லை. கண் குழாயில், கை லீவரில்.

பத்தாம் சுற்று முடியும் வெள்ளைக் கோட்டைக் கடந்தபோது நேரம் 4.54. அவர் முதலில் செய்தது பம்பைத் திறந்து தண்ணீர் ஏற்றியது. இரண்டாவதாகச் செய்தது, தாம் வார்த்த விசிலை இழுத்தது. அது நீண்ட நேரம் ஒலித்தது. நீர்த்தொட்டியின் மேலிருந்த புறாக்கள் அனைத்தும் எழுந்து பறந்தன.

அண்ணி வண்டியிலிருந்து இறங்கி முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். “எட்டு வருஷம் அரம் தேய்ச்ச சத்தத்துக்கு இது பரவாயில்ல. அடுத்தது எப்போ?”

“அடுத்ததா?” என்றார் கணவர். “அக்கா, நீ யார் பக்கம்?”

“இனிமே தேய்க்கிறதெல்லாம் இங்க வந்து தேய்க்கப் போறா. என் தலைக்கு மேல இல்ல. நான் அவ பக்கம்தான்.”

ஊசி சார் கைகளை விடுவித்து, மரத்துப்போன விரல்களை உதறிவிட்டுப் பதிவேட்டில் எழுதினார். குறைகள் என்ற கட்டத்தில் ‘அச்சு முனை மாற்றம், தேர்வாளர் கேளாமலே தெரிவிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது’ என்று குறித்தார். முடிவு என்ற கட்டத்தில் ‘தேர்ச்சி’. சட்டைப் பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து அக்காவின் கரி படிந்த உள்ளங்கையில் வைத்தார். ஐந்து மணிப் பேருந்தை அவர் தவறவிட்டார்; நீர் மட்டத்தை எந்த அளவு வரை இறங்கவிட எண்ணியிருந்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே பூங்கா வாசல் வரை நடந்தார்.

இரண்டாவது எஞ்சினின் முதல் சக்கரம் 2024 ஜூன் 2 அன்று லேத்தில் ஏறியது. பட்டறை வருகைப் பதிவேட்டில் அந்நாள் முதல் 2025 நவம்பர் 30 வரை அவருடைய கையெழுத்துகள்: 143.